விளக்கு அணைந்தும் ஆறாத சுவிட்ச்

"சுவிட்ச் சுடுது" என்று வசுமதி சொன்னபோது எலெக்ட்ரீஷியன் கண்ணாயிரம் சிரித்துவிட்டான்.

"கரண்ட்டுனா சுடாம இன்னாக்கா பண்ணும்? மோர்ப்பானை மாரி ஜில்லுனா இருக்கும்?"

"ம்" என்றாள் வசுமதி.

கொஞ்ச காலமாகவே அவளுக்கு எல்லாவற்றுக்கும் "ம்"தான். பால்காரர் நாளைக்கு வரமாட்டேன் என்றாலும் ம். எதிர் வீட்டில் கல்யாணம் என்றாலும் ம். அடுத்த தெருவில் சாவு என்றாலும் அதே ம். செங்கல்பட்டு பெரியநத்தத்தில் ஒரு காலத்தில் வாய்க்காரி என்று பேர் வாங்கியவள் அவள். அவள் வாசலில் காய்கறி வண்டிக்காரன் தராசைத் தூக்கவே யோசிப்பான். அந்த வாய் எங்கே போயிற்று என்று கேட்டால், மகளோடு போயிற்று என்றுதான் சொல்ல வேண்டும்.

மகள் பெயர் அனு. முட்டுக்காடு படகுத் துறையில் டிக்கெட் கொடுக்கிற கிளமென்ட் என்கிற பையனைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். பையன் வேதக்காரன், கோவளத்துக் கடற்கரைப் பிள்ளை, அம்மா இல்லாதவன். சேதி வந்த அன்றைக்கு வசுமதியின் புருஷன் திருநாவுக்கரசு கிணற்றில் வாளி வாளியாக இறைத்துத் தலையில் ஊற்றிக்கொண்டு, "எனக்குப் பொண்ணு இல்ல, தலைமுழுகிட்டேன்" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினார். கத்திவிட்டு ஈரத்தோடு கையை நீட்டினார். வசுமதி துண்டை எடுத்துக் கொடுத்தாள். எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றிலிருந்து அவளுக்கு உள்ளே மரத்துப்போனது. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னம் இருந்தும் இல்லாத மாதிரி இருக்குமே, அப்படி. வலி இல்லை. வேறு எதுவும்கூட இல்லை.

அதற்கு அடுத்த ஆடியில் திருநாவுக்கரசுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால், பேச்சு எல்லாம் ஒரே காலையில் போயின. கல்பாக்கத்தில் ஒரு செக்‌ஷனையே அதட்டி வேலை வாங்கிய மனுஷர், ஹாலில் சுவரோரக் கட்டிலில் கிடந்தார். இடது கை ஒன்றுதான் மிச்சம்.

அந்தக் கைக்காகத்தான் ரிமோட் சுவிட்ச் வந்தது. மகன் பிரவின்குமாருக்குச் சிறுசேரியில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை, கூடுவாஞ்சேரியில் குடித்தனம். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தபோது சென்னையில் வாங்கிய வெள்ளை டப்பா ஒன்றைக் கொண்டுவந்தான். சோப்பு டப்பா அளவுதான் இருக்கும். கண்ணாயிரத்தை வைத்து அதை ஹால் சுவிட்ச் போர்டில் மாட்டி, ரிமோட்டை அப்பாவின் இடது கையில் கொடுத்தான். படுத்தபடியே அழுத்தினால் தலைக்கு மேல் விளக்கு எரியும், மறுபடி அழுத்தினால் அணையும். நடுவில் ஒயர் கிடையாது. "லைட்டப் போட அப்பா யாரையும் எதிர்பாக்க வேணாம்மா" என்றான்.

பிள்ளை வாங்கி வந்தது விளக்குக்கு. அப்பா அதை வாயாக்கிக்கொண்டார். விளக்கு ஒரு தடவை மின்னினால் ஆமாம். இரண்டு தடவை மின்னினால் வேண்டாம். விடாமல் மின்னினால் வா. யாரும் உட்கார்ந்து பேசி வைத்ததில்லை, புருஷன் பெண்டாட்டிக்குள் அதுவாகப் படிந்துவிட்டது. அந்த ஹால் பட்டப்பகலிலும் இருட்டு என்பதால் சமையல்கட்டில் நின்றாலே மின்னுவது தெரியும். முன்னே ஒரு மணியைக் கொடுத்துப் பார்த்ததுண்டு. நான் என்ன கோயில் மாடா என்கிற மாதிரி ஒரு முறை முறைத்துவிட்டு விட்டெறிந்தார். விளக்கு அவருக்குக் கௌரவமாக இருந்தது.

அந்த டப்பாதான் தை மாதம் சுட ஆரம்பித்தது. போர்டைத் துடைக்கும்போது வசுமதியின் புறங்கையில் பட்டது. குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பது போலக் கையை வைத்துப் பார்த்தாள். நல்ல காய்ச்சல்தான். வெள்ளைப் பிளாஸ்டிக் ஓரமெல்லாம் டீக்கறை மாதிரி பழுப்பேறி, லேசாகக் கருகல் வாடையும் அடித்தது.

சிரித்து முடித்த கண்ணாயிரம் முதலில் பல்பு மேல் பழியைப் போட்டான். அறுபது வாட்ஸைக் கழற்றிவிட்டுச் சின்ன பல்பு மாட்டினான். சுட்டது. அப்புறம் வோல்டேஜ் மேல் போட்டான். ஊருக்கெல்லாம் அதே வோல்டேஜ்தான், எவன் வீட்டிலும் சுடவில்லை. அதற்கப்புறம் பழி போட ஆள் கிடைக்காமல் கட்டிலைத் திரும்பிப் பார்த்தான்.

"அண்ணாத்த சும்மா தட்டிகினே கீறாருக்கா. இத்தினி வாட்டி தட்டினா எந்த மிஷினுக்கும் சூடு ஏறத்தான் செய்யும்."

தட்டிக்கொண்டே இருப்பது என்னவோ வாஸ்தவம்தான். கொஞ்ச நாளாகக் காலையில் நாஸ்தா முடிந்த கையோடு விளக்கு விடாமல் மின்னும். வசுமதி ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஓடி வருவாள்.

"தண்ணியா?"

இரண்டு மின்னல்.

"பேன் போடணுமா?"

இரண்டு.

"ஒண்ணுக்கு வருதா?"

இரண்டு.

"அப்புறம் இன்னாதாங்க வோணும்?"

அதற்கு ஆமாம் என்றா சொல்வார், வேண்டாம் என்றா சொல்வார்? கண்ணைச் சுவர்ப் பக்கம் உருட்டுவார். வசுமதியும் சுவரைப் பார்ப்பாள். சுவரில் போன வருஷக் காலண்டர் தொங்கும். அவள் திரும்பி அடுப்படிக்குப் போனதும் மறுபடியும் மின்னும். சாயங்காலம் விளக்கு வைக்கிற வேளையில் இன்னொரு ஆட்டம். வயசானால் பிள்ளைகள் மாதிரி என்று சொல்வார்களே, அந்தக் கணக்கில்தான் அவள் அதைச் சேர்த்தாள்.

கண்ணாயிரம் சொல்லிவிட்டுப் போன பிறகு ரிமோட்டை அவர் கையிலிருந்து வாங்கி அலமாரி மேல் வைத்தாள். "சூடு ஆறட்டும். ரெண்டு நாளு சும்மா இருங்க." அவருடைய இடது கை போர்வை மேல் அங்கும் இங்கும் துழாவியது. கோபம் மூஞ்சியில் ஏறி, வெளியே வர வழியில்லாமல் கண்ணிலேயே நின்றது. வசுமதி அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு அரிசி களையப் போனாள். ஐயோ பாவம் என்றுகூடத் தோன்றவில்லை, அதுதான் கொடுமை.

ரிமோட் இல்லாத அந்த நாட்களிலும் சுவிட்ச் சுட்டது. விளக்கு எரியவே இல்லை. எரியாத விளக்குக்குச் சூடு எங்கிருந்து வரும்? ரிமோட்டைத் திருப்பி அவர் கையில் வைத்தாள். அன்று முழுக்க அவர் அதைத் தொடாமல் முறுக்கிக்கொண்டு கிடந்தார்.

பிரவின்குமார் வேறொரு டப்பா வாங்கி வந்து மாட்டச் சொன்னான். அதுவும் சுட்டது. கண்ணாயிரத்துக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

"பேஜாரா கீதுக்கா. இத்த புடுங்கிட்டு சாதா சுவிட்ச் போட்டுடலாம். இது பழைய ஓட்டு வூடு, மேல பூரா மரம். நெருப்பு புட்ச்சுதுனா நீ ஓடிடுவ, அண்ணாத்த எங்க ஓடுவாரு?"

"புடுங்கிட்டா அவரு எப்டிப் பேசுவாரு?"

வசுமதி ரொம்ப நாளைக்கு அப்புறம் கேட்ட கேள்வி அது. கண்ணாயிரம் ஸ்க்ரூ டிரைவரைப் பையில் போட்டான். நாளைக்குக் காலையில் வந்து முடிவு பண்ணலாம் என்று கிளம்பிவிட்டான்.

அவளும் பயந்துதான் போயிருந்தாள் என்று சொல்ல முடியாது. பயம் என்பது என்ன என்று ஞாபகம் இருந்தது, அவ்வளவுதான். ஒரு பக்கம் நெருப்பு, ஒரு பக்கம் ஊமைக் கட்டில். அவருடைய அந்த ஒரு வாயையும் தன் கையால் மூடிவிட்டு எத்தனை வருஷம் இந்த ஹாலில் நடமாடுவது என்று மட்டும் யோசித்தாள்.

மறுநாள் காலை நாஸ்தா ஆனதும், விளக்கு மின்ன ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே போர்டு மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். ஜில்லென்று இருந்தது. மத்தியானத்தில் இப்படித்தான் இருக்கும் என்பது அவளுக்கு ஞாபகம் வந்தது. சுடுவது காலையிலும் சாயங்காலத்திலும்தான். ஃபிரிட்ஜை நிறுத்தினாள், டிவியை நிறுத்தினாள், ஃபேனை நிறுத்தினாள். வீட்டில் ஒன்றுகூட ஓடவில்லை. கொஞ்ச நேரத்தில் உள்ளங்கைக்குக் கீழே டப்பா காய ஆரம்பித்தது.

கட்டில் பக்கம் விளக்கு விடாமல் மின்னியது. "சும்மா இருங்க" என்று சொல்லிவிட்டு நடைக்குப் போய் மீட்டரைப் பார்த்தாள். எல்லாம் நிறுத்தியிருக்கிற வீட்டில் அந்தச் சக்கரம் அப்படியே நிற்க வேண்டும். அதுவோ திருவிழா ராட்டினம் மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது.

கண்ணாயிரம் வந்ததும் கையைப் பிடித்து இழுக்காத குறையாக அதைக் காட்டினாள். அவன் வாயைப் பிளந்தான்.

"உன் லைன்ல வேற ஆரோ கரண்ட்டு குடிக்கிறாங்கக்கா!"

போர்டைத் திறந்தான். டப்பாவுக்கு அடியில் ஒரே ஸ்க்ரூவில் இரண்டு ஒயர் முறுக்கியிருந்தது. ஒன்று மெயினிலிருந்து வருகிற ஒயர். இன்னொன்று அங்கிருந்து கிளம்பி, மரச்சட்டத்தோடு மேலே ஏறி, உத்திரத்துக்கு அடியில் சுவருக்குள் நுழைந்து காணாமல் போனது.

அந்தச் சுவரைப் பற்றிச் சொல்லாவிட்டால் இது விளங்காது. அது வீட்டோடு பிறந்த சுவர் இல்லை. திருநாவுக்கரசும் தம்பி காசிநாதனும் பங்காளிக் காய்ச்சல் முற்றி, பேச்சு வார்த்தை அற்று, வீட்டை இரண்டாக வகிர்ந்தபோது ஹாலுக்கு நடுவே எழுப்பியது. ஜன்னல்களெல்லாம் தம்பி பக்கம் போக, அண்ணன் ஹால் குகையாகிவிட்டது. சுவரும் உத்திரம் வரைக்கும்தான். அதற்கு மேல் ஓடு வரை ஒரு முழம் சந்து, அதில் தகரம் அடித்திருந்தார்கள். தென்னையைப் பிரித்தார்கள், அண்டாவைப் பிரித்தார்கள், அம்மியையும் ஆட்டுக்கல்லையும் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டார்கள். ஒயரைப் பிரிக்கத்தான் ஆள் இல்லை. அண்ணன் கூட்டி வந்த எலெக்ட்ரீஷியன் தம்பி பக்கம் கால் வைக்கக் கூடாது, தம்பியின் ஆள் அண்ணன் பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது. காசிநாதன் முன்பக்கத்துக்குப் புது மீட்டர் வாங்கினார். பின்கட்டு அறையில் விளக்கு ஏற்கெனவே எரிகிறதே என்று அவர் ஆள் விட்டுவிட்டான். சுவருக்குள் போகிற ஒயர் செத்த ஒயர் என்று இந்தப் பக்கத்து ஆள் விட்டுவிட்டான். வீம்பு பிடித்த இரண்டு பேரும் ஒருவர் வாசலை ஒருவர் மிதிக்காமல் ஆறு வருஷமாக ஒரே ஒயரில் தொங்கிக்கொண்டிருந்தார்கள்.

கண்ணாயிரமும் சளைத்தவன் இல்லை. அது ஏது ஒயர் என்று கேட்காமலே டப்பா ஸ்க்ரூவில் சேர்த்து முறுக்கியவன் அவன்தான். ஒரு விளக்குக்கு அளவெடுத்த டப்பா வழியாக அடுத்த வீட்டுப் பாரமெல்லாம் போய்க்கொண்டிருந்தது.

"இது காசிநாதன் அண்ணன் வூட்டுப் பின்கட்டு ரூமுக்குப் போவுதுக்கா. அங்க ஹீட்டர் மாரி இன்னாமோ பெருசா ஓடுது" என்றான். தன் தப்பை வேகமாகத் தாண்டிப் போகிற அவசரம் அவன் குரலில் இருந்தது. "கட் பண்ணிடட்டா? எரியறத புடுங்கினா கொதிக்கறது தன்னால அடங்கும்."

"ம்."

அவன் முதலில் மீட்டரடியில் ஃபியூஸ் கட்டையை உருவினான். மின்னிக்கொண்டிருந்த விளக்கு அணைந்தது. சுவருக்கு மேலே தகரச் சந்து வழியாக ஒரு குரல் வந்தது.

"சித்தீ! ஹீட்டர் நின்னுபோச்சு பாரேன். தண்ணி இன்னும் காயவே இல்ல!"

கூடவே பச்சைக் குழந்தை ஒன்று வீலென்று அழுதது.

அது அனுவின் குரல். பெற்றவளுக்கு அதில் சந்தேகம் வருமா? கண்ணாயிரம் "அக்கா, இது நம்ம பாப்பா..." என்று இழுத்தான்.

வசுமதி நின்ற இடத்திலேயே நின்றாள். கொஞ்ச நாளாக அந்தச் சந்து வழியாகப் பூண்டு வதங்குகிற வாடை வந்தது. சாம்பிராணிப் புகை வந்தது. குழந்தை அழுகிற சத்தமும் வந்தது. எந்த வீட்டு டிவியோ என்று இருந்துவிட்டாள். ஓரகத்தி ஞானம்பாளுக்குப் பிள்ளை இல்லை, அந்த வீட்டில் யார் பிள்ளை பெறப் போகிறார்கள் என்றுகூட அவள் யோசிக்கவில்லை. தெருவுக்கே தெரிந்திருக்கும். எதைச் சொன்னாலும் "ம்" என்கிறவளிடம் எவள் வந்து சொல்லுவாள்?

தலைப்பிரசவம் தாய்வீட்டில். அனுவுக்குத் தாய்வீடு இல்லை, மாமியாரும் இல்லை. ஆனாலும் இதே வீட்டுக்குத்தான் வந்திருக்கிறாள், சுவருக்கு அந்தப் பக்கமாக. அனு பிறந்ததே அந்தப் பின்கட்டு அறையில்தான், பாகத்தில் அது காசிநாதன் பக்கம் போய்விட்டது. பிள்ளை பெற்றவளுக்கு இரண்டு வேளையும் வெந்நீர் காய்ச்சி ஊற்ற வேண்டும். பெற்றவள் செய்ய வேண்டியதை, பேச்சில்லாத ஓரகத்தி செய்துகொண்டிருந்தாள்.

வசுமதி கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். சுவரோரக் கட்டில். காலையும் மாலையும், அனுவைக் குளிப்பாட்டுகிற நேரம் பார்த்து, அவர் வா வா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். இவள் தண்ணியா, ஒண்ணுக்கா என்று கேட்டிருக்கிறாள். கடைசியில் ரிமோட்டையும் பிடுங்கி வைத்திருக்கிறாள்.

"உங்களுக்கு முன்னாலயே தெரியுமா?" என்று கேட்டாள்.

அவருடைய கண் அவள் மேல் நிலைகுத்தி நின்றது. கண்ணாயிரம் ஃபியூஸ் கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு தவித்தான்.

"கட்டைய மாட்டட்டாக்கா? அண்ணாத்த இன்னாமோ சொல்ல வர்றாரு."

இத்தனை நாளும் எதற்குக் கூப்பிட்டார்? வந்து பார், நம் பிள்ளை என்றா? போய் விரட்டு என்றா? அனுவைப் போய்ப் பார்க்கட்டுமா என்று கேட்டால் ஒரு மின்னலில் தெரிந்துவிடும். இல்லை, இரண்டு மின்னலில் தெரிந்துவிடும். இரண்டு மின்னினால் மறுபடியும் துண்டை எடுத்துக் கொடுத்துவிட்டு நின்றுவிடுவோம் என்று அவளுக்குப் பயமாக இருந்தது. நிஜமான பயம். இத்தனை காலத்துக்கு அப்புறம் அவளுக்கு உள்ளே ஏதோ வலித்தது.

அவருடைய பெருவிரல் ரிமோட் மேல் ஏறியது. எத்தனை தடவை அழுத்தினார் என்று எண்ணியிருக்கலாம். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"மாட்டாத" என்றாள் கண்ணாயிரத்திடம். "நான் வர்ற வரைக்கும் மாட்டாத. அவருகூட இரு."

அவருக்கு உடம்பு துடைக்கக் கேஸ் அடுப்பில் ஒரு தவலைத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. பழந்துணியைச் சுற்றி அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் இறங்கினாள். கையும் இடுப்பும் பொசுங்கின. குழாயடியில் நின்ற பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று தெருவில் நாலு எட்டு நடந்து கொழுந்தன் வீட்டுக் கதவைக் காலால் தட்டினாள்.

ஞானம்பாள் கதவைத் திறந்தாள். தோளில் துணியில் சுற்றிய குழந்தை. வழியை மறித்தபடி நிலைப்படியிலேயே நின்றாள்.

"சுடுது, தள்ளு" என்றாள் வசுமதி. ஆறு வருஷத்துக்கு அப்புறம் ஓரகத்தியிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

பின்கட்டில் அனு மணையில் உட்கார்ந்திருந்தாள். தலையில் எண்ணெய், முகமெல்லாம் மஞ்சள், ஆள் இளைத்துப் பாதியாகியிருந்தாள். காயாத அண்டாத் தண்ணீரில் ஹீட்டர் தொங்கியது. அம்மாவைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல் உட்கார்ந்துவிட்டாள்.

வசுமதி தவலையை இறக்கினாள். அண்டாவில் வெந்நீரைக் கொட்டி, கைவிட்டுப் பதம் பார்த்து விளாவினாள். பேச வேண்டியது மலைபோல் இருந்தது. வந்ததென்னவோ வேறு பேச்சு.

"இந்த ஹீட்டர இனிமே போடாதீங்க. அந்தாண்ட சுவிட்ச் கருகிப்போவுது. வெந்நி நான் கொண்டாறேன், ரெண்டு வேளையும்."

"அக்கா" என்றாள் ஞானம்பாள் பின்னாலிருந்து, தணிந்த குரலில். "பெரியவருக்குத் தெரியுமா?"

"அவருக்குத்தான் மொதல்ல தெரியும். என்னையும் கூப்ட்டுகினேதான் இருந்தாரு. எனக்குத்தான் ஒறைக்கல."

அனு நிமிர்ந்து பார்த்தாள். "அப்பா இன்னாமா சொன்னாரு?"

வசுமதி செம்பில் தண்ணீரை மொண்டாள். செம்பு சாய்ந்து, பாதி தண்ணீர் அவள் காலிலேயே கொட்டியது. சுட்டது. கண்ணில் பொலபொலவென்று நீர் இறங்கியது, துடைத்துக்கொள்ளக் கை ஒழியவில்லை.

"தெரியாது" என்றாள். "சொன்னாரு. நான் பாக்காம வந்துட்டேன்."

அனு மணையில் திரும்பி உட்கார்ந்து, அம்மாவுக்கு முதுகைக் காட்டினாள். வசுமதி ஊற்ற ஆரம்பித்தாள்.